அத்தி மரமும் விடுதலைப் பத்திரமும்

என் தம்பி ஜெனாரோவுக்கு வெட்கம் என்பது பிறவியிலேயே கிடையாது. அப்பா போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து, கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடு என்று என் உயிரை வாங்கினான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அப்பா அவனிடம்தான் கொடுத்திருந்தார். கிளிஃப்டனில் இருந்த அப்பாவின் இந்த வீட்டை வாங்க ஆள் கிடைத்தாயிற்று. அடுத்த வாரம் சாவி கைமாறும்.

உயில் வேலையைப் பார்த்த வக்கீல் அம்மா பின்ஸ்கி, விடுதலைப் பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். என் பங்கு முழுவதும் வந்து சேர்ந்தது, இனி தம்பி மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை, பிறகு அப்பாவின் கடன் ஏதாவது கிளம்பினால் வாங்கியதைத் திருப்பித் தருவேன். இவ்வளவுதான் அதில் இருந்தது.

"மரம் இன்னும் என் கைக்கு வரலையே?" என்றேன்.

பின்புறத்து அத்தி மரத்தை அப்பா என் பேர் சொல்லி உயிலில் எழுதியிருந்தார். அந்த வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அங்கதானேக்கா நிக்குது? குளிருக்குக் கட்டிக்கூட வச்சிருக்கேன். கையெழுத்தப் போட்டுட்டுத் தோண்டி எடுத்துக்கோ. அப்பா ஊர் இத்தாலிக்கே வேணாலும் கொண்டு போ."

ஜன்னல் வழியே பார்த்தேன். பழைய கம்பளம், தார்ப்பாய், கயிறு, உச்சியில் கவிழ்த்த பக்கெட். டிசம்பரில் எங்கள் தெரு அத்தி மரங்கள் எல்லாம் அப்படித்தான் நிற்கும். பேனாவை எடுத்தேன்.

"கட்டும்போது கூட யாருடா நின்னா?"

"யாரு வருவா? ஒத்தையாத்தான் கட்டினேன். முதுகே போச்சு."

பேனாவை வைத்துவிட்டேன். அந்த மரத்தை ஒற்றை ஆளால் கட்ட முடியாது. ஒருவர் கிளைகளை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கயிறு சுற்ற வேண்டும். வருஷா வருஷம் அணைத்தது நான், சுற்றியது அப்பா. என் தம்பித் துரை உள்ளே டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்.

கத்தியோடு போய்க் கயிற்றை அறுத்தேன். உள்ளே மடக்கிய தோட்டத்துக் குடை. அதன் காலடியில், தரையோடு அறுத்த அடிமரம்.

"வாங்கறவங்க கார் நிறுத்த இடம் கேட்டாங்க," என்றான், பின்னாலேயே வந்து. "ஒரு மரத்துக்குப் போய் இந்தக் கூத்தா?"

"குடைக்குப் போத்திவிட்டு என்னை ஏமாத்தப் பாத்தியேடா, திருட்டு நாயே!"

வாசற்படியில் நின்ற வக்கீல் அம்மா பத்திரத்தைப் பைக்குள் வைத்தார். "அக்கா கையெழுத்து இல்லேன்னா, நீங்க ஜட்ஜ் முன்னாடிதான் கணக்குக் காட்டணும், ஜெனாரோ. மரத்துக்கும் சேர்த்து."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, எப்பதான் போடுவே?"

"இந்த வேர் தழைச்சு, காய்ச்சு, அந்தப் பழத்தை நான் தின்னதுக்கு அப்புறம்."

இறுகிய மண்ணைச் சாயங்காலம் வரை தோண்டினேன். வேர்க்கட்டை ஆடியபோது அவன் கைகொடுக்க வந்தான்.

"தொடாதே."

மார்போடு அணைத்துத் தூக்கினேன். அப்பாவைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.