நனையாமல் இறங்கிய நாள்

எங்கள் விமானப்படையில் ஒருவர் கடைசியாகப் பறந்து இறங்கினால் விடமாட்டார்கள். தீயணைப்பு வண்டியை நிறுத்தி, குழாயை அவர் குடும்பத்தார் கையில் கொடுத்து, தொப்பலாக நனைத்துத்தான் அனுப்புவார்கள். நான் முழுநேரப் பணியை விட்ட அன்று ஜனவரிக் குளிர். என் கணவர் க்ளைட் ஆசை தீர அடித்ததில் ஒரு வாரம் தும்மினேன்.

அதோடு ஓய்ந்தேனா என்றால், இல்லை. ரிசர்வ் என்கிற பகுதிநேரப் படையில் சேர்ந்து பதினேழு வருடமாகப் பறக்கிறேன். வாரநாட்களில் ஓஹையோவில் ஒரு பள்ளியில் அல்ஜீப்ரா, மற்ற நாட்களில் நாலு இன்ஜின் சரக்கு விமானம். இரண்டில் விமானத்தில்தான் சத்தம் குறைவு.

இப்போது கெடு நெருங்கிவிட்டது. மொத்தம் இருபத்தெட்டு வருடம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். இன்னும் இரண்டு வருடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். ஆறு மாதமாகப் பதில் இல்லை. கெடுவுக்கு ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கிளம்பினேன்.

மதியம் இறங்கி, விமானத்தை நிறுத்துமிடத்துக்கு ஓட்டி வந்தேன். தூரத்தில் தீயணைப்பு வண்டி நின்றது. பக்கத்தில் கையில் குழாயோடு க்ளைட்.

பதில் வந்துவிட்டது, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் ஊருக்கே தெரிந்திருக்கிறது.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் வெர்னும் பார்த்துவிட்டார்.

"மேடம்," என்றார் மெதுவாக, "மனச விட்டுடாதீங்க."

"பேசாம இரு வெர்ன்."

"நல்லா பறந்தீங்க. அத யாராலயும் எடுத்துக்க முடியாது."

"இன்னொரு வார்த்தை பேசினா அழுதுடுவேன். அப்புறம் பிரேக்க நீதான் போடணும்."

நாலு இன்ஜினையும் அணைத்தேன். கண் எரிந்தது. க்ளைட் மேல்தான் கோபம் எல்லாம். இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

படியில் முதலில் வெர்னை இறங்கச் சொன்னேன். முகத்தைத் துடைக்க எனக்கு ஒரு நிமிடம் வேண்டியிருந்தது. அவர் கால் தரையில் பட்டதும் பளாரென்று தண்ணீர் அவர் நெஞ்சில் விழுந்தது.

"ஏய், எனக்கு இல்லப்பா, மேடத்துக்கு!" என்று கத்தினார் வெர்ன்.

"உனக்குத்தான்டா திருட்டுப்பயலே," என்றார் க்ளைட். இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள். "சத்தமில்லாம ரிட்டயர் ஆகிடலாம்னு பாத்தியா? காலைல உன் பொண்டாட்டி போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கமாண்டர் ப்ரூயட் அருகில் வந்தார்.

"ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கீங்க? உங்க பேப்பர் பதினோரு மணிக்கே வந்துடுச்சே. ரெண்டு வருஷம். கையெழுத்து ஆகிடுச்சு."

"யாரும் சொல்லலையே."

"நீங்க மேல பறந்துக்கிட்டுல்ல இருந்தீங்க."

அப்படி ஒரு நிம்மதியை நான் முதல் பிரசவத்துக்குப் பிறகு அனுபவித்ததே இல்லை. எழுந்து நின்றேன். சொட்டச் சொட்ட நனைந்த வெர்ன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார்.

"கிட்ட வராதே," என்றேன். "சொல்லிட்டேன், வராதே வெர்ன்."

அவர் கேட்கவில்லை. ஐம்பது வயதில், அத்தனை பேர் பார்க்க, பறக்கும் உடையோடு நான் ஓடினேன். க்ளைட் சிரித்துக்கொண்டே குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.