உட்கார்ந்து பார்க்கும் வேலை

வேலை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். விமான இருக்கைகள் செய்யும் தொழிற்சாலை அது. அதன் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை. நடுவில் மூன்று இருக்கைகள் கொண்ட ஒரு வரிசை, அதற்கு முன்னால் இன்னொரு வரிசை. மற்றபடி அறை காலி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வாரத்தில் சில நாள் அங்கே வருவார். செருப்பை ஓரமாகக் கழற்றி வைப்பார், போய் உட்காருவார். அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்து பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

உட்காரும் முன் அவர் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் யாரும் கவனித்ததில்லை. பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து, நாலாக மடித்து, இருக்கையின் முன் விளிம்பில் போட்டு, தொடை அதன் மேல் படும்படி அமர்வார். காலமெல்லாம் பேருந்து ஓட்டிய உடம்பு. ஓட்டுநர் இருக்கையில் எதையாவது மடித்துப் போடாமல் அவர் உட்கார்ந்ததே கிடையாது. இங்கேயும் கை தானாக அதைச் செய்துவிடும்.

பரிசோதனையைக் கவனிக்கும் பொறியாளர் ஓர் இளம்பெண். சற்றுத் தள்ளி மேசையில் கணினித் திரையைப் பார்த்தபடியே கேள்விகள் கேட்பாள். தோள்பட்டை எப்படி இருக்கிறது, இடுப்பில் பிடிப்பு தெரிகிறதா, தொடையில் எங்காவது அழுத்துகிறதா, பாதம் மரத்துப் போகிறதா என்று ஒவ்வொரு உறுப்பாக விசாரிப்பாள். பொறுமையாகக் கேட்பாள். அவசரப்படுத்த மாட்டாள்.

"பரவாயில்லைம்மா. சௌகரியமாத்தான் இருக்கு" என்பார் அவர்.

அவர் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயரே 'பரவாயில்லை'தான். விடுமுறையை ரத்து செய்தாலும் பரவாயில்லை, பிரேக் சரியில்லாத வண்டியைத் தலையில் கட்டினாலும் பரவாயில்லை. அவர் மனைவி இருந்த காலத்தில், "உங்க அப்பா கல்லறையிலயும் பரவாயில்லைன்னுதான் எழுதி வைக்கணும்" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த மனைவி இப்போது இல்லை. மகள் கடல் கடந்து வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவாள். எப்படி இருக்கீங்கப்பா என்பாள். பரவாயில்லைம்மா என்பார். பிறகு அவள் ஊரில் மழையா வெயிலா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர், மற்றொன்றில் துவைத்து மடிக்காத துணிகள். தொலைக்காட்சியை ஓடவிட்டுக்கொண்டே சமைப்பார், ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று. இப்படியிருந்த மனிதரிடம் ஒருத்தி வந்து, உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன ஆகும்? அவருக்கு அந்த அறை கோவில் மாதிரி ஆகிவிட்டது. கொடுக்கிற சம்பளத்துக்காக இல்லை, அந்தக் கேள்விகளுக்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். தன் இடுப்பைப் பற்றி யாராவது அக்கறையாக விசாரித்து எத்தனை காலம் ஆயிற்று!

முதலில் அவரோடு ஒரு தையல்காரம்மாவும் உட்கார்ந்து பார்க்க வந்துகொண்டிருந்தார். பருத்த உடம்பு, மனதில் பட்டதைப் பட்டென்று போட்டுடைக்கும் வாய். புதிய இருக்கையில் உட்கார்ந்த முதல் நாளே, "இது என்னம்மா சீட்டு? இஸ்திரி மேஜைக்கு சட்டை போட்டு விட்ட மாதிரி இருக்கு" என்றார். தொடைக்குக் கீழே கம்பி ஒன்று உறுத்துகிறது, முட்டி முன் இருக்கையில் இடிக்கிறது என்று அடுக்கினார். மேலாளர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிடவில்லை.

மேலாளரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு ஒரே கவலைதான். இருக்கை மெலிந்தால் விமானத்தில் இன்னொரு வரிசை நுழையும், இன்னொரு வரிசை நுழைந்தால் விமான நிறுவனங்கள் இவர்களிடமே வாங்கும். பஞ்சு குறைந்துகொண்டே வந்து விரல் கனத்துக்கு இறங்கிவிட்டது. அதில் உட்கார்ந்து சௌகரியம் என்று சொல்ல ஆள் வேண்டும். சொல்லும் ஆளையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மேலாளரோ விமானத்தில் எப்போதும் வேறு வகுப்பில், கால் நீட்டிப் படுக்கும் இருக்கையில் போகிறவர்.

அந்தக் கம்பி ஓட்டுநருக்கும் உறுத்தத்தான் செய்தது. முன் விளிம்பில், தொடையின் குறுக்கே, பஞ்சுக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. ஆனால் தையல்காரம்மாவின் இடம் காலியானதை அவர் பார்த்திருந்தார். துண்டை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டார். பரவாயில்லை என்றார். பொறியாளரும் அதை அப்படியே பதிவு செய்துகொண்டாள். இருக்கை தேறிவிட்டது. கொஞ்ச நாளில் விமானங்களில் ஏறியும் விட்டது.

மகள் வருகிறாள் என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் ஆளே மாறிப்போனார். மூன்று வருடமாக வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிப்போட்டு, இப்போதுதான் அவளுக்கு விடுமுறை கிடைத்திருந்தது. நாற்காலியில் கிடந்த துணிகள் அலமாரிக்குப் போயின. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். விமான நிலையத்துக்கு அவ்வளவு சீக்கிரம் போய் நின்றார், காவலாளி இரண்டு முறை வந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவளைக் காணோம். கடைசியில் பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, அடிமேல் அடி வைத்து ஒரு பெண் வந்தாள். யாரோ பாவம் என்று நினைத்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் தன் மகள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்துவிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே முதுகில் சின்னக் கோளாறு உண்டு என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லா இருக்கேன்பா என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள். விடிய விடியப் பறந்து வந்த விமானத்தில் இடது காலே மரத்துவிட்டதாம். எழுந்து நடக்கலாம் என்றால் பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். முன்னால் இருந்தவர் சாய்ந்தபோது இவள் அவரோடு சண்டை போட்டாளாம். அவருக்கும் முதுகு வலி என்று பிறகுதான் தெரிந்ததாம்.

"சீட்டா அது? தொடைக்குக் கீழ ஒரு கம்பிப்பா. வழி பூரா அது மேலதான் உட்கார்ந்து வந்தேன்."

என்ன நிறம், உறை எப்படி இருந்தது, பக்கவாட்டில் தையல் வெளியே தெரிந்ததா என்று அவர் ஒன்றொன்றாகக் கேட்டார். தொழிற்சாலை வேலையைப் பற்றி அவர் அவளிடம் சொன்னதேயில்லை, அதனால் அப்பாவுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று அவளுக்குப் புரியவில்லை. நீலம், தையல் தெரிந்தது, தலை வைக்கும் இடத்தில் இரண்டு மடிப்பு என்றாள். அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பார்த்துட்டு சரின்னு சொல்லுவாங்களாப்பா? சொல்றவனுக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்காதா?"

தேநீர் போடுகிறேன் என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

விடுமுறையில் பாதி அவளுக்குப் பாயிலேயே போயிற்று. போக வேண்டும் என்று திட்டமிட்ட இடம் எதற்கும் போகவில்லை. அம்மாவின் கல்லறைக்கு மட்டும் வண்டி வைத்துப் போய், இறங்காமல் உள்ளிருந்தே பார்த்துவிட்டு வந்தாள். புறப்படும் நாளில் மருத்துவர் இடுப்புக்குப் பட்டை கட்டி அனுப்பினார். வாசலில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம், இனிமேல் இவ்வளவு தூரம் உட்கார்ந்து வரத் தன்னால் ஆகாது என்று சொன்னாள். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். எப்போது என்று அவரும் கேட்கவில்லை. வழக்கம்போல் பரவாயில்லைம்மா என்றார். அன்று அந்தச் சொல் அவருக்கே கசந்தது.

அவள் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. நாற்காலியில் மறுபடி துணிகள் சேர்ந்தன.

தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். புதிய இருக்கை, முன்னதைவிடவும் மெலிது. அவர் இரண்டு மனமாக இருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த அறையும் போய்விடும். அப்புறம் அவர் தோள்பட்டையைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை. பையில் துண்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அதே யோசனையோடு போய்ச் சேர்ந்தார்.

அன்று மேலாளரும் வந்திருந்தார். ஓட்டுநர் துண்டை எடுத்தார். வழக்கமாக மடிக்கும் கை அன்று மடிக்கவில்லை. அதைக் கொண்டுபோய்ப் பொறியாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்து, வெறும் இருக்கையில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளும் இந்தத் துண்டு மேலதாம்மா உட்கார்ந்தேன். கீழ கம்பி இருக்கு. முன்னாடி செஞ்சதுலயும் இருந்துச்சு. எனக்கு வலிச்சுது. நான் சொல்லலை."

பொறியாளர் எழுந்து வந்தாள். அவர் எழுந்துகொள்ள, அவளே உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கேள்விக்கான நேரம்கூட ஆகவில்லை, தொடையை நகர்த்தி உட்கார்ந்தாள். எழுந்து, முன் விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தாள். மேலாளர் மட்டும் இதமாகவே பேசினார். வயதானால் வலிக்கத்தான் செய்யும், இதற்கெல்லாம் இருக்கை என்ன பண்ணும் என்றார்.

"ஆமாங்க, எனக்கு வயசாச்சு. என் பொண்ணுக்கு ஆகலை. அவளும் முன்னாடி செஞ்ச சீட்டுலதான் வந்தா. நீங்களும் ஒரு தடவை அதுல போயிட்டு வந்து சொல்லுங்க."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார். தையல்காரம்மாவிடமும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. பொறியாளர் வாசல் வரை வந்து துண்டைக் கொடுத்தாள். பழைய பதிவைத் திருத்தி மேலே அனுப்பப்போவதாகவும், கேட்பார்களா என்று தெரியாது என்றும் சொன்னாள்.

பிறகு அவரைக் கூப்பிடவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. எப்படி இருக்கீங்கப்பா என்றாள் மகள். வாய் வரை வந்த சொல்லை அவர் விழுங்கிக்கொண்டார். அந்த இருக்கையில் உட்கார்ந்து சரி என்று சொன்னவன் நான்தான் என்றார். துண்டைப் பற்றிச் சொன்னார், தையல்காரம்மாவைப் பற்றிச் சொன்னார், அந்த அறையை விட மனம் வராமல் பொய் சொன்னதையும் சொன்னார்.

"நான் பொறுத்துக்கிட்டா அது என்னோட போயிடும்னு நினைச்சேம்மா. போகலை. உன் முதுகுல வந்து நின்னுச்சு. வலிச்சா வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லிடணும். நமக்காக இல்லைன்னாலும், நமக்கு அப்புறம் அந்த இடத்துல உட்காரப்போறவங்களுக்காகவாவது சொல்லணும்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபமா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரிப்பா. இப்ப உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எங்க வலிக்குது?"

எதிரே நாற்காலியில் துணிகள் கிடந்தன. அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"தனியா இருக்கறதுதாம்மா வலிக்குது" என்றார்.