கென்னுக்குள்ளே

என் அப்பா எபி கார்ஸ்டெர்ஸ் பள்ளியில் வாங்கிய பெல்ட் அடிக்கெல்லாம் ஒரே சொல்தான் காரணம். வாத்தியார் கேள்வி கேட்பார், இவர் "கென் இல்ல சார்" என்பார். தெரியாது என்பதை எங்கள் ஃபைஃப் மீனவக் கரையில் அப்படித்தான் சொல்வோம். "ஒழுங்கான இங்கிலீஷில் சொல்" என்று உள்ளங்கையில் பெல்ட் விழும். அதனால் படித்தவர் யார் வந்தாலும் அப்பா சர்ச்சுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளி இங்கிலீஷ் பேசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1953இல் எடின்பரோவிலிருந்து, வட்டாரச் சொற்களைச் சேகரிக்கும் அகராதிக்காரர் லாக்கார்ட் வந்தார். கடிதம் போட்டு வரவழைத்தவள் நான்தான். அவர் சொன்னபடி, கென் என்றால் முதலில் 'தெரியப்படுத்து' என்றிருந்து, பிறகு 'தெரிந்துகொள்' ஆயிற்றாம். கடலோடிகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தையும் அப்படிச் சொன்னார்களாம்.

"அந்தக் கடைசிப் பொருளை யாராவது பேசி நான் காதால் கேட்க வேண்டும். இல்லையென்றால் செத்த சொல் என்று சிலுவைக் குறி போட்டு அச்சாகிவிடும்" என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "கடலில் பார்வை போகிற தூரத்தை எப்படிச் சொல்வீர்கள்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "பார்வைத் தொலைவு என்று கூறுவோம், ஐயா."

"அப்பா! தெனம் நூறு தடவ சொல்லுவியே!"

"நீ சும்மா இருடி."

"காலருக்குப் போட்ட கஞ்சிய இவரு நாக்குக்கும் போட்டுக்கிட்டாரு" என்றாள் அம்மா, டீ ஊற்றிக்கொண்டே.

மூன்று கோப்பை டீ ஆயிற்று. லாக்கார்ட் நோட்டை மூடிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு மணி பஸ்ஸுக்கு அவரை அனுப்ப எல்லோரும் துறைமுகத்துக்கு நடந்தோம். அதற்குள் கடல்மூடுபனி இறங்கிவிட்டது. அண்ணன் ராபியின் படகு மட்டும் திரும்பவில்லை. துறைமுகச் சுவரோரம் பெண்கள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கோட்டோடு சுவர்மேல் ஏறினார். பஸ் வந்தது, போனது. லாக்கார்ட் ஏறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பனி கொஞ்சம் விலகியது. சுவர்மேலிருந்து அப்பா கத்தினார்.

"கென்னுக்குள்ள வந்துட்டான்! ஏ புள்ள, ராபி கென்னுக்குள்ள வந்துட்டான்டி!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். லாக்கார்ட் ஈரக் கையால் சீட்டு எடுத்து எழுதினார். அதைப் பார்த்த அப்பா சுவரிலிருந்து இறங்கினார். முகம் தொங்கிவிட்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. வாய் தவறி வந்துவிட்டது."

ஐம்பது வயது மனிதர் அப்படி நின்றதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கள், கார்ஸ்டெர்ஸ். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்" என்றார் லாக்கார்ட்.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. சிலுவைக் குறி இல்லை. 'கண்ணுக்கு எட்டும் தூரம். ஃபைஃப், 1953.'

"எம் பேரு எங்கடி?"

"பேரு போட மாட்டாங்கப்பா. ஊரும் வருசமும்தான். ஆனா அது நீதான்."

அப்பா எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார். அடி வாங்கிய அந்த உள்ளங்கையை அந்த வரிமேல் வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

என்னதான் கழுவினாலும் மீனவன் கை. அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.