ராமதாஸ் உட்கார்ந்த இடம்

ராமதாஸ் போன விமானம் மலையில் காணாமல் போய் ஏழெட்டு மாதம் ஆன பிறகுதான் அவன் அப்பா பலராமன் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்.

சாதாரண அட்டைப்பெட்டிதான். மூடியில் மேகத்துக்கு நடுவே ஒரு டகோட்டா விமானம் பறக்கிற படம். ஒரு மூலை கிழிந்து நூல் போட்டுக் கட்டியிருந்தது. பாண்டிச்சேரியைவிட்டுப் போன ஏதோ ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு அது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்திருந்தது. கல்யாணமான புதிதில் சுலோசனாவை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போன ராமதாஸ், வேறு எதையும் வாங்காமல் அதை வாங்கினான்.

"பத்துப் பன்னெண்டு வருஷத்துப் பழசு. இப்பல்லாம் கெடைக்கவே கெடைக்காது. நான் போற ப்ளேன் இதுதான் சுலோ."

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே விமானம் எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் குச்சிகளும் அவற்றில் பிஞ்சு பிஞ்சாகத் தொங்கிய துண்டுகளும்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தால் பொம்மை விமானமாகும் என்றான். விமான உடம்பின் இரண்டு பாதிகளை மட்டும் பிய்த்தெடுத்து, ஒட்டாமல் சேர்த்துப் பிடித்துக் காட்டினான். கூடவே வந்த கோந்து குழாய்க்குள்ளேயே கல்லாகியிருந்தது. அடுத்த லீவில் ஒட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடிப் பரணில் வைத்தான்.

அவன் விமானப்படையில் ரேடியோ ஆள். வடகிழக்கு மலைகளில் ரோடு போகாத முகாம்களுக்கு அரிசி, பருப்பு, சீமெண்ணெய் எல்லாம் விமானத்திலிருந்துதான் தள்ள வேண்டும். எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில் அப்படிப் போன விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. தேடினார்கள். அந்தக் காட்டில் மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள்தான் தெரிந்ததாம். காணவில்லை, உயிரோடிருக்க வாய்ப்பில்லை என்று தகவல் வந்தது.

பலராமன் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "காணோம்னுதானே சொல்றான்? செத்துட்டான்னா சொல்றான்?"

காரியம் செய்யவிடவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. ராமதாஸ் ஒரே பிள்ளை. வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். சுலோசனா பொட்டோடும் தாலியோடும் இருந்தாள். தெருவில் நல்ல காரியம் நடந்தால் அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே விட்டார்கள்.

பங்குனியில் மரக்காணம் உப்பளத்தில் வேலை சூடுபிடித்திருந்தது. விடிவதற்கு முன்னால் போய்ப் பாத்திகளில் உப்பு வாரிவிட்டு வெயில் ஏறுவதற்குள் பலராமன் வீடு திரும்பிவிடுவார். அப்படித் திரும்பிய ஒரு நாள் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்தார்.

"ஏம்மா, இதுல அவன் எங்க ஒக்காருவான்?"

சுலோசனாவுக்குத் தெரியவில்லை. மூக்குப் பக்கத்தில் இரண்டு பைலட் பொம்மைகள் வைக்க இடமிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் குழாய்.

"அந்தோணிசாமியைக் கேட்டா தெரியும் மாமா" என்றாள்.

அந்தோணிசாமி ராமதாஸோடு அதே தளத்தில் விமானங்களைப் பழுதுபார்த்தவர். வேலைக்காலம் முடிந்து சொந்த ஊரான பெரிய முதலியார்சாவடிக்கே வந்துவிட்டார். முதலில் துக்கம் கேட்க வந்தவர், பலராமன் சொல்லியனுப்பியதும் மறுபடி பஸ் ஏறி வந்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து, உடனே அடங்கிப்போனது.

"பைலட்டுக்குப் பின்னாலயே ஒரு சின்ன ரூம் மாதிரி இருக்கும்யா. அங்கதான் ரேடியோ. ராமதாஸ் அங்கதான் ஒக்காருவான்."

"கதவு?"

"இதோ, வால் பக்கம். இந்தப் பொம்மையில வெறும் கோடு போட்டு மூடியே குடுத்திருக்கான். நம்ம ப்ளேன்ல மூட்டை தள்ளணும் இல்ல, அதனால கதவக் கழட்டி வெச்சிட்டுத்தான் கெளம்புவோம்."

பலராமன் நிமிர்ந்தார். "அப்ப கதவு தொறந்தே இருந்துதா?"

"ஆமாங்க."

"வழி பூரா?"

"ஆமாங்க."

அந்தப் பதிலிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது. கம்பெனிக்காரன் கொடுத்த விமானம் அவருக்குப் போதவில்லை. சவர பிளேடைச் சிம்னி விளக்கில் காய்ச்சி, கோட்டின் மேல் மெல்ல மெல்ல அழுத்திக் கதவை வெட்டியெடுத்தார். வெட்டிய ஓரம் உருகி வழிந்தது. உப்புக்காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். பெயிண்ட் கடை தின்னரில் பிளாஸ்டிக் குச்சித் துண்டுகளைப் போட்டுக் கரைத்தால் அதுவே கோந்தாகிறது என்று அந்தோணிசாமி செய்து காட்டினார். முதல் தடவை பலராமன் அதை அதிகமாகத் தடவி, இடது இறக்கையின் ஓரம் வெல்லப்பாகு மாதிரி இளகிவிட்டது. காய்ந்த பிறகு அதில் பள்ளம் விழுந்திருந்தது. அதே குழம்பைக் கெட்டியாக்கிப் பள்ளத்தை அடைத்து, இறக்கைமேல் புடைத்திருந்த ஆணித்தலைகள் எல்லாம் மழுங்குகிற மட்டும் தேய்த்தார்.

"நெஜ ப்ளேன்ல ஆணி இவ்ளோ பெரிசா தெரியாதுங்க. கையால தடவினாத்தான் தெரியும்" என்றார் அந்தோணிசாமி. பலராமன் மற்ற இறக்கையையும் தேய்த்தார்.

உப்புத்தண்ணீரில் வெடித்த விரல்கள் அவருடையவை. சின்னத் துண்டு எதையும் பிடிக்க வராது. முள் எடுக்கிற சாமணத்தை வைத்துக்கொண்டு சுலோசனாதான் ஒட்டுவாள். உடைந்த சீப்பை நறுக்கி ரேடியோ மேசை. பழைய டூத்பிரஷ் கைப்பிடியைச் சீவி நாற்காலி. உடைந்துபோயிருந்த ஒரு காத்தாடி இலைக்குப் பதில் தகரத்தில் ஒன்று. பிளாஸ்டிக் குச்சியைச் சூடுகாட்டி இரண்டு பக்கமும் இழுத்தால் முடி மாதிரி நீளும். அதை ஏரியல் கம்பியாகத் தலைமேல் கட்டினாள். ஜன்னல் கண்ணாடிகள் மட்டும் தின்னர் ஆவியில் பூத்துப்போயின. என்ன துடைத்தும் தெளியவில்லை.

வேலை செய்யும்போது பலராமன் பேசுவார். "பாரு, நாற்காலியிலேர்ந்து எழுந்து நேரா நடந்தா கதவு. நடுவுல மூட்டைங்க இருக்கும். அதுங்களைத்தான் முன்னாடியே தள்ளியிருப்பானுங்களே. வழி காலியாத்தான் இருந்திருக்கும்."

சுலோசனா தலையாட்டுவாள். அந்த மத்தியானங்களில் அவளுக்கும் அது நடக்கக்கூடியதாகத்தான் தெரிந்தது. அவன் எழுந்து, தலையைக் குனிந்து, நடந்து வந்து, வெளியே பார்க்கிறான். கீழே பச்சை. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியாது.

ஆடி மாதத்தில் பலராமன், கதவுக்குப் பக்கத்தில் பாராசூட் மூட்டை ஒன்று செய்து வைக்க வேண்டும் என்றார். அது எப்படி இருக்கும், எங்கே மாட்டியிருக்கும் என்று அந்தோணிசாமியிடம் கேட்கச் சொன்னார். அன்று அந்தோணிசாமி வந்தபோது பலராமன் உப்புக் குவியலுக்குக் கீற்று போடப் போயிருந்தார். சுலோசனா கேட்டாள்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாராசூட் எதுக்கும்மா? மூட்டை தள்ற எடத்துல மலைங்களுக்கு நடுவுல, மரத்தை ஒட்டித்தான் ப்ளேன் பறக்கும். அந்த ஒயரத்துல குதிச்சா அது விரியறதுக்குள்ள தரை வந்துடும். மாட்டிக்கிட்டாலும் ஒண்ணுதான், மாட்டலைன்னாலும் ஒண்ணுதான். யாரும் மாட்டிக்க மாட்டாங்க. மேகத்துல மலை வந்துதுன்னா, வந்துதுன்னு தெரியறதுக்கே நேரமிருக்காது."

"அப்ப ஒரு வழியும் இல்லியா?"

"இல்லம்மா. ஐயாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அவர் மொகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்குது" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் வருவது குறைந்தது. அன்று சாயந்திரம் சுலோசனா தன் பழைய தாவணித் துணியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு மூட்டை தைத்தாள். கோந்து தொட்டுக் கதவோரம் ஒட்டினாள். பலராமன் வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, பல மாதமாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தவர், தட்டைக் காலி செய்து மறுசோறு கேட்டார்.

புரட்டாசியில் சுலோசனாவின் அண்ணன் காசிலிங்கம் வானூரிலிருந்து வந்தார். அவளை அழைத்துப்போய் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ப்பதற்குக் கேட்டு வைத்திருந்தார். கூடத்தில் நின்றபடியே பேசினார்.

"எத்தினி நாளைக்கு மாமா இவ இப்படியே இருப்பா?"

"அவன் வந்து, என் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

காசிலிங்கம் தங்கையைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் எல்லாம் தண்ணீராய் நின்றன. பலராமன் விமானத்துக்கு வர்ணம் பூச உட்கார்ந்தார். உப்பளத்து எஞ்சினுக்கு அடிக்கிற அலுமினிய பெயிண்ட்தான். பெட்டியோடு வந்த வட்டச் சின்னங்கள் வேறு நாட்டுடையவை, மஞ்சள் பூத்துப்போனவை. அவற்றை விட்டுவிட்டு இறக்கையில் காவி, வெள்ளை, பச்சை என்று தானே வட்டம் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்:

"இந்த வருஷத்தோட உப்பளத்த விட்டுடப் போறேன். பக்கத்துப் பாத்தி சுப்ராயனை எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"ஏன் மாமா?"

"அங்க போறேன். அந்த மலைக்கு. அவனுங்க பாஷை எனக்குத் தெரியாது இல்ல? இத எடுத்துட்டுப் போயி காட்டினா போதும். இந்தக் கதவு வழியா குதிச்சு வந்தவனப் பாத்தீங்களான்னு ஊர் ஊரா கேப்பேன். திரும்பி வர எத்தினி நாளாவுமோ தெரியாது. நீ வீட்டப் பாத்துக்க."

அறுபதைத் தாண்டிய மனிதர். திண்டிவனத்துக்கு வடக்கே போனதில்லை. மடியில் இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பதைச் சுலோசனா நினைத்துப் பார்த்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, போகாதீங்க. அந்த ப்ளேன்ல பாராசூட் கெடயாது."

அவர் தூரிகையைத் தூக்கவில்லை. "யார் சொன்னா? ஒங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா?"

"அந்தோணிசாமி சொன்னாரு. ரொம்பத் தாழப் பறக்குமாம். இருந்தாலும் விரியாதாம். யாரும் மாட்டிக்க மாட்டாங்களாம்."

"எப்ப சொன்னான்?"

"ஆடியில."

"ஆடியிலயா?" அவர் விமானத்தைப் பார்த்தார். "அந்த மூட்டைய நீதானே ஒட்டின?"

"நான்தான் ஒட்டினேன்."

"தெரிஞ்சா ஒட்டின?"

"தெரிஞ்சுதான்."

"ஏம்மா?"

"நீங்க சாப்ட்டீங்க மாமா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தூரிகையைத் தின்னரில் அலசி, துணியில் துடைத்து, டப்பாக்களை மூடினார். பச்சை வட்டம் பாதியில் நின்றது. மழையிலேயே வெளியே போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து, ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடிக்குப் போனார். மத்தியானம் வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"கேட்டுட்டேன். நெஜந்தான்" என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "வலிச்சிருக்குமான்னு கேட்டேன். தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுன்னான். நீ ஆடியில மூட்டைய ஒட்டின மாதிரி அவனும் சொல்றானோ என்னவோ."

சுலோசனா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகையில் காரியம் நடந்தது. உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து கடற்கரையில் வைத்தார்கள். மழை விட்டிருந்தாலும் மணல் ஈரம். நெருப்பு பிடிக்க நேரமாயிற்று. பங்காளிகளில் ஒருவர், அந்த ப்ளேனையும் கொண்டு வந்து வைத்துவிட்டால் அவன் ஆத்மா அடங்குமே என்றார்.

"அது சந்தையில வாங்கின சாமான்" என்றார் பலராமன். புல் சீக்கிரம் எரிந்து முடிந்தது. அவ்வளவு சின்னச் சாம்பல்.

சுலோசனாவின் தாலியைத் தெருவில் மூத்தவளான மங்கம்மா கழற்றினாள். மற்ற பெண்கள் அழுதார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக யாருமே அழாமல் வைத்திருந்த அழுகை அது. சுலோசனாவுக்கு மட்டும் அழ வரவில்லை. பலராமன் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

காசிலிங்கம் அவளை அழைத்துப்போக வந்தபோது பலராமன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் அன்னிக்கு அதச் சொல்லாம இருந்திருக்கலாம் மாமா" என்றாள்.

"சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் ரயில்ல இருந்திருப்பேன்" என்றார் அவர். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. பஸ் கிளம்பும்போது கையை ஆட்டவுமில்லை.

வானூரில் அவள் டைப்ரைட்டிங் படித்தாள். முதல் பரீட்சை தேறினாள். அண்ணி நல்லபடியாகத்தான் நடத்தினாள். மத்தியானங்கள்தான் கழியவில்லை. கை சும்மா இருந்தது.

அடுத்த ஆவணியில் திவசத்துக்கு மரக்காணம் வந்தாள். பலராமன் அளத்தை விடவில்லை. சுப்ராயன் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். இளைத்திருந்தார். கண்ணில் புரை விழுந்து, வெயிலில் உப்பு வெள்ளையாகத் தெரிகிறதே தவிர வரப்பு தெரிவதில்லை என்றார். விமானம் அலமாரியில் இருந்தது. பச்சை வட்டம் அப்படியே பாதியில் நின்றிருந்தது. உப்புக்காற்றில் தகர இலை துருப்பிடித்து, அதன் கறை அலுமினிய வர்ணத்தில் இறங்கியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஐயர் போன பிறகு அவள் இலை போட்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ஒங்கண்ணன் ஒனக்கு ஏதோ எடம் பாக்கறானாமே" என்றார் பலராமன்.

"பாத்தாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"தெரியல மாமா."

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். வருஷா வருஷம் வர வேண்டியதில்லை என்றும், பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றும், தானே எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சரி என்றாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பினாள்.