பதினோரு புளியங்கொட்டை

ஆடித்தபசுக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே வைத்தியலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாலுகா ஆபீஸில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். சங்கரன்கோவிலில் கொடி ஏறியதும் ஜனம் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதியம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நம்பிக்கை. இவருக்கு இருபத்தோரு வருஷமாக நூற்றெட்டுச் சுற்று. அதுவும் ஒரே நாளில்.

மிச்ச நாளெல்லாம்? அடுத்த தெருவில் பால் வாங்கக்கூட பைக்தான். கேட்டால், "வருஷத்து எக்சர்சைஸ ஆடியிலயே முடிச்சிருதேம்லா" என்பார். ஐம்பத்து மூன்று வயதுக்காரர் பேசுகிற பேச்சா இது? போன வருஷம் சுற்றிவிட்டு வந்து எட்டு நாள் கட்டிலில் கிடந்தார். அன்றிலிருந்து வலது முழங்கால் படியைக் கண்டாலே மக்கர் பண்ணுகிறது.

சித்திரையில் மனைவி சங்கரேஸ்வரி அவரைப் பிசியோதெரபி பார்க்கும் ஷாஹின் பானுவிடம் இழுத்துக்கொண்டு போனாள். "ஒத்தக்கால்ல நில்லுங்க அண்ணாச்சி" என்றாள் பானு. சிரித்துக்கொண்டே நின்றவர் ஏழு எண்ணுவதற்குள் மேஜையைப் பிடித்தார்.

"முட்டியத் தாங்க சதையே இல்ல. தெனமும் பல் தேய்க்கையில ஒத்தக்கால்ல நில்லுங்க. நாற்காலில கை ஊணாம பத்துத் தடவ எந்திரிங்க. ஆடிக்குப் பதினோரு சுத்து போதும். மறுபடியும் நூத்தெட்டுன்னு கெளம்பினா ஆபரேஷன்லதான் போய் நிக்கும்."

நாலு நாள் செய்தார். வியர்வையே வராத இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா என்று விட்டுவிட்டார். சங்கரேஸ்வரி சண்டை போடவில்லை. "மாமா கட்டில்ல கெடந்த ஆறு வருஷமும் நான்தான் தூக்கி உக்கார வச்சேன்" என்று அவர் அப்பாவைப் பற்றி மட்டும் சொன்னாள்.

கொடியேற்றத்தன்று சட்டைப்பையில் பதினோரு புளியங்கொட்டையை அவள் எதிரிலேயே எண்ணிப் போட்டுக்கொண்டார். சுற்றுக்கு ஒன்றாக வெளியே எடுப்பது வழக்கம். வேட்டி மடியில் இன்னும் தொண்ணூற்றேழு இருந்தது அவளுக்குத் தெரியாது.

பதினொன்றும் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மூக்காண்டி பக்கத்தில் வந்து, "என்ன வே, வயசாயிட்டோ? நான் முப்பதத் தாண்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு முந்திப் போனார். பொறுக்குமா இவருக்கு? கை தானாக மடிக்குப் போனது. பன்னிரண்டு, பதின்மூன்று. முழங்காலில் சுருக்கென்றது. அதையும் மீறி நடந்தார்.

பதினைந்தாவதில் தூணோரம் சங்கரேஸ்வரியைப் பார்த்தார். வெளி மண்டபத்தில் உட்கார்ந்திரு என்று சொல்லி விட்டுவந்தவள், ஒற்றைக்காலில் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுத?"

"பானு சொன்னதத்தான். மூணு மாசமா செய்யுதேன். இப்ப நாப்பது வர நிக்கேன்."

"ஒன் முட்டிக்கு என்ன கேடு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க எப்படியும் நூத்தெட்டு சுத்துவிய. அப்புறம் ஒங்களத் தூக்கணும்லா. மாமாவத் தூக்கும்போது எனக்கு முப்பது வயசு. இப்ப அம்பது. கால்ல தெம்பு வேண்டாமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவளோ சாயங்காலம் காய் வாங்கணும் என்பதுபோலச் சொன்னாள். வைத்தியலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவை அவள் தோளில் சாய்த்து உட்கார வைக்கும் காட்சி கண்முன் வந்தது. அப்பா இருந்த இடத்தில் இவர்.

மடியை அவிழ்த்துப் புளியங்கொட்டை மொத்தத்தையும் அவள் முந்தானையில் கொட்டினார்.

"வீட்டுல பல் பொடிப் பக்கத்துல வச்சிரு. தெனம் ஒண்ணா எடுத்துப் போடுதேன்."

அவள் அவற்றையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் இடது காலைத் தூக்கினார்.

அடுத்த சுற்றில் வந்த மூக்காண்டி, "என்ன வே, அவ்வளவுதானா?" என்றார்.

"நாளைக்கும் வாரேன் வே" என்றார் வைத்தியலிங்கம். உடம்பு கிடந்து ஆடியது.

சங்கரேஸ்வரி எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்தில் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.