மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஓட்டப்பந்தயம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தின் மூன்றாவது பெருவெற்றி, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில், கழிப்பறைக்கு எதிர்த்தாற்போல் உள்ள அறையில் நிகழவிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை இயக்குநர் தம் திருக்கரத்தால் தட்டிவிடப் போகிறார். விருந்தினர் அறுபது பேர். நாற்காலி நாற்பது.

கம்ப்யூட்டர் வந்து பதினாறு நாளாகியிருந்தது. விழாவுக்கு முன்னால் யாரும் அதன்மேல் விரல் வைக்கக் கூடாது என்பது உத்தரவு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தது. நர்சுகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். வேலை ஒன்றும் கிடையாது, மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

வேலையெல்லாம் மாமனார் தலையில். மாமனார் என்பது பதினோரு வருடத்துப் பழைய கம்ப்யூட்டர். வாங்கின அன்று கடையில் இருந்ததிலேயே மலிவான பிராசஸர் எதுவோ அதுதான் அதன் வயிற்றில் இருந்தது. எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் வீட்டைவிட்டு அனுப்ப முடியாது. வாரத்தில் நாலு நாள் ஹேங் ஆகும். அதன் விசிறியை நூல் போட்டுக் கட்டி, சூடேறினால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்துக் காற்று வாங்கவைத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

ஸ்கேன் எடுப்பது கொஞ்ச நேர வேலை. எடுத்த கணக்கையெல்லாம் கூட்டிப் பெருக்கிப் படமாக ஆக்குவதுதான் பெரிய பாடு. அது பிராசஸரின் பாடு. மாமனார் மனசு வைத்தால், நடுநடுவே சூடு ஆறவிட்டு, ஒரு நாளைக்கு எட்டு பேர். வைக்காவிட்டால் மூன்று.

மெக்கானிக்கின் மனைவிக்குப் போன வருடம் வேறோர் ஆஸ்பத்திரியில் தலையில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். இப்போது மறுபடியும் தலைவலி. திங்கட்கிழமை இங்கே ஸ்கேன் எடுத்தாயிற்று. கட்டி திரும்ப வந்திருக்கிறதா இல்லையா என்கிற ஒரே கேள்விதான். பதில் மாமனாரின் வயிற்றில், நாற்பத்தொரு பேருக்குப் பின்னால், வரிசையில் நின்றது.

வரிசையைக் காப்பவர் தலைமை நர்ஸ். முந்தின வாரம் ஒரு வக்கீல் வந்து, “என் வீட்டு ஃபைலைக் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்களேன்” என்று குழைந்தபோது, “எல்லா ஃபைலும் யாரோ ஒருத்தர் வீட்டு ஃபைல்தான் சார்” என்று திருப்பி அனுப்பியவர். அதைக் கேட்டு முதலில் கைதட்டியவர் நம் மெக்கானிக். தட்டின கையை இப்போது நீட்ட முடியவில்லை.

புதன்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

“சும்மா பட்டனை அமுக்கினா யாருக்கய்யா புரியும்? பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரே ஃபைலை ரெண்டுலயும் ஓட விடறோம். பந்தயம்! இருக்கிறதுலயே பெரிய ஃபைலா பாத்து எடுத்து வை.”

“பேஷண்ட் பேர் தெரியுமே சார்?”

“தெரியக் கூடாது! அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல? பேர் வர்ற இடத்துல கறுப்பு டேப் ஒட்டு.”

அறுபது பேர் ஒருவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்கலாம், பெயரைப் பார்ப்பதுதான் அநாகரிகம். மெக்கானிக் டேப் ஒட்டினார். ஃபைலையும் தேர்ந்தெடுத்தார். அதைவிடப் பெரிய ஃபைல்கள் ஆறு இருந்தன. எப்படியும் ஏதோ ஒன்றை ஓட்டத்தானே போகிறார்கள், இதனால் யாருடைய முறையும் போகவில்லை என்று மனசாட்சியிடம் ஒரு விளக்கம் கொடுத்தார். மனசாட்சியும் விளக்கத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டது.

வியாழக்கிழமை இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். பழையதின் பிராசஸருக்குள் வேலை செய்வது ஒரே ஆள், புதியதில் பதினாறு ஆள் என்றார். பழையது ஒரு விநாடிக்கு நூற்றறுபது கோடி தடவை துடிக்கும், புதியது நானூறு கோடி என்றார். நூற்றறுபது கோடி தடவை துடித்தும் ஒன்றையும் உருப்படியாகச் செய்யாத பிறவிகளை அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் முன்பும் பார்த்திருக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நேரம் குறிக்கும் பொறுப்பு மெக்கானிக்குக்கு. இரண்டு கைக்கும் இரண்டு ஸ்டாப்வாட்ச். இயக்குநர் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். இரண்டு திரைகளும் விழித்தன.

பதினோரு விநாடி. மாப்பிள்ளை முடித்துவிட்டது. உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை வரிசையாக நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். மாமனார் அப்போதுதான் மூன்றாவது படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது.

“டாக்டர், இந்தத் தெளிவைப் பத்தி ரெண்டு வார்த்தை” என்றார் இயக்குநர்.

ஸ்கேன் டாக்டரம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். யாருடைய தலை என்று அவருக்குத் தெரியாது. டேப் நன்றாகவே ஒட்டப்பட்டிருந்தது. படங்களைச் சடசடவென்று ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

“பாருங்க, இது இருநூத்தி முப்பதாவது படம். பழைய கட்டியை எடுத்த குழி இது. ஓரத்துல வெள்ளையா வளையம் மாதிரி தெரியுதா? திரும்ப வந்திருக்கு. இங்க ஒண்ணு. பின்னாடி இன்னொண்ணு, பெருசு. முன்னெல்லாம் இதைப் பாக்க நான் அரை மணி நேரம் காத்துக்கிட்டு இருக்கணும்.”

“குணமாயிருமா மேடம்?” என்று நின்றுகொண்டிருந்த இருபது பேரில் ஒருவர் கேட்டார்.

“இந்த நிலைமையிலயா? வலி தெரியாம பாத்துக்கலாம். அவ்வளவுதான்.”

“ஆனா எவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது பாருங்க!” என்றார் இயக்குநர்.

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மெக்கானிக்கின் வலது கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் நின்றிருந்தது. இடது கையிலிருந்தது ஓடிக்கொண்டிருந்தது.

விருந்தினர் பிஸ்கட்டை நோக்கி நகர்ந்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தப் பழைய கட்டையை அணைச்சுட்டு வாங்க. டீ ஆறிப் போகுது.”

“முடியட்டும் சிஸ்டர். ஒப்பீட்டுப் படிவத்துல ரெண்டு நேரமும் கேட்டிருக்காங்க.”

“யாரோட தலைண்ணே அது? பாவம்.”

“வரிசையில இருந்த ஒண்ணு.”

நர்ஸ் போன பிறகு அவர் மாப்பிள்ளையின் திரையை அணைத்தார். நாற்காலியை மாமனாருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நூற்றெழுபதாவது படம் வந்தது. சுத்தமாக இருந்தது. நூற்றெழுபத்தொன்று. அதுவும் சுத்தம்.

போன் அடித்தது. வீட்டிலிருந்து.

“என்னங்க, இன்னிக்குப் பாத்துடலாம்னீங்களே. வந்துச்சா?”

“ஓடிக்கிட்டிருக்கு.”

“புதுசுலயா?”

“பழசுல.”

“நாசமாப் போச்சு. உங்க செல்லப்பிள்ளை என்னிக்கு எதை முடிச்சிருக்கு?” அவள் சிரித்தாள். “எது வரைக்கும் வந்திருக்கு?”

“நூத்தி எண்பது. வந்த வரைக்கும் ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு.”

“நிஜமாவா?”

“நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“அப்ப மிச்சமும் அப்படித்தாங்க இருக்கும். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க, குளியலறையில ஃபியூஸ் போயிடுச்சு.”

“சரி.”

போனை வைத்தார். பதினோரு வருடத்தில் அந்த மெஷின் எத்தனையோ தடவை ஹேங் ஆகியிருக்கிறது. அமைச்சர் வந்த அன்று ஆனது. விபத்துக் கேஸ் வந்த அன்று ஆனது. ஒரு முறை சும்மா இருந்தபோதே ஆனது. சூடேறினால் நிச்சயம் ஆகும். அவர் எழுந்து மேசை விசிறியை நிறுத்தினார். பக்கத்துத் தகட்டை எடுத்து இறுக்கி மூடினார். கூடவே, மவுஸைத் தேவையில்லாமல் இங்கும் அங்கும் ஆட்டினார். அதற்குக்கூடச் சில நாள் திணறி நின்றுவிடும்.

இருநூற்றுப் பத்து. இருநூற்றிருபது.

“நில்லுய்யா” என்றார் மெக்கானிக், மாமனாரைப் பார்த்து. “ஒரு நாளாவது சொன்ன பேச்சைக் கேளு.”

இருநூற்றிருபத்தெட்டு. இருநூற்றிருபத்தொன்பது. நூல் கட்டின விசிறி கடகடவென்று சுற்றியது. மாமனார் மூச்சிரைத்தபடி, ஒரு தடங்கலும் இல்லாமல், பணியில் சேர்ந்த நாளிலிருந்து காட்டாத கடமையுணர்ச்சியோடு இருநூற்று முப்பதாவது படத்தைப் போட்டது. பிறகு அடுத்ததை. கடைசிவரை நிற்கவேயில்லை.

அவர் இடது கை ஸ்டாப்வாட்சை அமுக்கினார். படிவத்தை எடுத்தார். பழைய கருவி: இருபத்திரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. புதிய கருவி: பதினோரு விநாடி. வேகம்: நூற்றிருபத்தொரு மடங்கு அதிகம். கடைசிக் கட்டத்தில் ‘முடிவில் வேறுபாடு’ என்று அச்சிட்டிருந்தது.

‘இல்லை’ என்று எழுதினார்.