பளபளவென்று சுரண்டிய கம்பி

"மணி அடிக்கிறதுக்குள்ள மோட்டார் ஓடணும். ஓடலன்னா அந்த ஜோடியைப் பிரிச்சு வேற வேற பெஞ்சுல போட்டுடுவேன்."

அறிவியல் டீச்சர் இதைச் சொன்னதிலிருந்து இஸ்திரி மோட்டாரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சீருடையில் ஒரு சுருக்கம் விழ விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளும் வாயாடியும் ஒரே பெஞ்சு. வாயாடி பக்கத்தில் இல்லாமல் ஒரு நாள் உட்காருவதா? நினைக்கவே அழுகை வந்தது.

பேட்டரியின் இரு முனையிலும் ஊக்கு நிறுத்தியாயிற்று. கம்பிச் சுருளை அதில் தொங்கவிட்டு, அடியில் காந்தமும் வைத்தாயிற்று. சுண்டிவிட்டால் சுருள் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது. காந்தத்தைப் புரட்டினாள். பேட்டரியை மாற்றினாள். ஊஹூம்! சுற்றிலும் மற்றவர்களின் சுருள்கள் விர்ரென்று சுழன்றன. ஓயாமல் பேசும் வாயாடியோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முன்பெஞ்சு சோம்பேறியின் மோட்டாரை இஸ்திரி எட்டிப் பார்த்தாள். அவன் சுருளின் ஒரு முனையில், கம்பிமேல் இருக்கும் மின்கடத்தாப் பூச்சை மேல்பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு, கீழ்ப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தான். அதுதான் ஓடியது! அவளோ இரண்டு முனையையும் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பாத்திரம் மாதிரி மின்ன வைத்திருந்தாள்.

"போச்சு! பாதி சுத்துக்குக் கரண்ட் நிக்கணும்டி. நிக்காததால, தள்ளின காந்தமே திரும்ப இழுக்குது. நான்தான் முழுசாச் சுரண்டித் தொலைச்சிட்டேன்."

"சுரண்டினதைத் திரும்ப ஒட்டவா முடியும்?" என்ற வாயாடி சட்டென்று நிறுத்தினாள். குனிந்து காலுறைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். நெயில் பாலிஷ்! பள்ளிக்கூடத்தில் அதற்குத் தடை.

"மாட்டினா தொலைஞ்சடி!"

"பூசுடி, பேசாம!"

ஒரு முனையில் பாதிப் பக்கம் பூசி, இருவரும் மாறி மாறி ஊதினார்கள். காய்ந்ததும் இஸ்திரி சுண்டினாள். சுருள் ஒருமுறை தயங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

வாசனை டீச்சரின் மூக்குக்கு எட்டியது.

"மோட்டார் ஓடுது, சரி. இந்த பாலிஷ் யாரோடது?"

"என்னுது மிஸ்" என்றாள் வாயாடி.

"இல்ல மிஸ், என்னுது" என்றாள் இஸ்திரி, பிறந்ததிலிருந்து திட்டே வாங்காதவள்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க."

இஸ்திரி அவசரமாகக் கேட்டாள்.

"சேர்ந்தா மிஸ்?"